பயணி இராஜமாணிக்கம்

முதல் தவறு மிகச் சிறியது. அருகில் நின்றவர் எவரும் அதைத் தவறென்றே எண்ணியிருக்கமாட்டார்.

“குட் மார்னிங், மிஸ்டர் ராஜமாணிக்கம்,” என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

உத்தமன் மார்போடு அணைத்திருந்த மண்கலயத்தை இன்னும் சற்று இறுக்கிக்கொண்டான். இராஜமாணிக்கம் அந்தக் கலயத்துக்குள் இருந்தார். பால் தெளித்துப் பொறுக்கி எடுத்த எலும்புத் துண்டுகளாகவும், அவற்றைப் போர்த்திய வெண்ணீறாகவும், சிவப்புத் துணியால் வாய் கட்டப்பட்டு, முடிச்சில் செருகிய வில்வ இலை வாடித் தொங்க, தன் மகனின் மார்புச் சூட்டில் இருந்தார்.

பெண்ணின் சட்டையில் குளோரியா என்று பெயர் பொறித்திருந்தது. அவள் பார்வை கலயத்தின்மேல் விழுந்ததும் சிரிப்புத் தணிந்தது.

“அப்பாவா சார்?”

“ஆமா.”

“ஸாரி சார். கையிலயே வெச்சுக்கலாம், ஒண்ணும் பிரச்சனை இல்ல. பனி ஜாஸ்தி இருக்கு, கொஞ்சம் லேட்டாகும்.”

பெங்களூரின் ஓரத்தில், தைலமரத் தோப்புகளுக்கும் கைவிடப்பட்ட செங்கல் சூளைகளுக்கும் இடையே, விசிறி வைத்த சிறு விமானங்களுக்கென்று திறக்கப்பட்ட நிலையம் அது. ஒரே கூடம், ஒரே கவுண்டர், வான்வெளிக்குத் திறக்கும் ஒரே கண்ணாடிக் கதவு. இங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து காரில் இராமேசுவரம், மாலைக்குள் கடல். அவ்வளவுதான் வேலை. தந்தையைக் கடலில் சேர்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

காலையில் ஸ்ரீராம்புரத்து வீட்டு வாசலில் அவன் தாய் மரகதம், கலயத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, தங்கள் குடும்பத்து வழக்கத்தைச் சொல்லியிருந்தாள்.

“கடல்ல கரைக்கிற வரைக்கும் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேரு காதுல விழுந்தா அது ஒடம்பைத் தேடும்டா. நீ அப்பான்னு மட்டும் சொல்லு. வாசப்படி, பாலம், மேடு, எது வந்தாலும், ‘அப்பா, தாண்டறோம், வாங்க’ன்னு சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போ. வெளிய எடுத்த கலயம் மறுபடி இந்த வாசல் ஏறக் கூடாது. தெரிஞ்சுதா?”

“யாரும்மா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போறாங்க?”

“கூப்பிட மாட்டாங்கதான். கட்டின நாள்லேருந்து நானே சொன்னதில்ல. எல்லாரும் உன் பொண்டாட்டி மாதிரியா?”

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து பிரபா, “உத்தமன், சார்ஜர் எடுத்துக்கிட்டியா?” என்று கூவினாள். தாய் புருவத்தை உயர்த்தினாள். துக்கம் புகுந்த வீட்டில் அன்றுதான் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் புன்னகைத்தார்கள்.

கவுண்டரிலிருந்து விலகி நடக்கையில் அந்தப் புன்னகை நினைவுக்கு வந்து, பாதியிலேயே உறைந்தது. தமிழர் பெயருக்கு முன்னே ஒற்றை எழுத்தாய் அடங்கி நிற்கும் தந்தை, பயணச்சீட்டின் கட்டங்களுக்குள் நுழைந்ததும் முழுப்பெயராய் விரிந்து, பின்னால் போய் நின்று, அந்தப் பயணத்துக்கே உரியவர் ஆகிவிடுகிறார். எத்தனையோ ஊர்களின் வாயில்களில் ‘ராஜமாணிக்கம்’ என்ற அழைப்புக்கு உத்தமன் தலையசைத்திருக்கிறான். பீன்யாவில் அவன் வேலை பார்க்கும் ஆலைக்கு வரும் வெளிநாட்டார்கூட அப்படித்தான் அழைப்பார்கள். பழகிப்போன ஒன்று நினைவில் தங்குவதில்லை. சீட்டுப் பதிவு செய்தபோதும் விரல் தானாகவே அந்தக் கட்டத்தில் அந்தப் பெயரை இட்டிருந்தது.

ஒருமுறைதானே, என்று தேற்றிக்கொண்டான். ஒருமுறை அழைத்தாள்; நான் பதில் சொல்லவில்லை.

கலயம் வெதுவெதுப்பாக இருந்தது. தன் உடம்புச் சூடு என்று எண்ணிக்கொண்டான்.

சோதனைக் கூடத்தில், ஊடுகதிர்ப் பொறியின் கறுத்த வாயருகே, தட்டில் கலயத்தை வைத்தபோது, ‘அப்பா, இதுக்குள்ள போறோம், வாங்க’ என்று சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். நாணம் அவன் நாவைக் கட்டியது. மனத்துக்குள் சொன்னான். ரப்பர்த் தோரணங்கள் விலகி, கலயம் இருளுக்குள் போயிற்று.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் ஓடும் பட்டையை நிறுத்தினார். பின்னோக்கி ஓடவிட்டார். மறுபடி முன்னோக்கி. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே சாம்பல் மட்டும்தானே என்று கன்னடத்தில் மெல்லக் கேட்டார். உத்தமன் ஆமென்றான். ஏன் என்று கேட்டான்.

“ஏனில்லா சார். ஹோகி, ஹோகி,” என்றார் காவலர், ஒன்றுமில்லை போங்கள் என்று கையால் விலக்கி. அதற்குப் பின் அவர் திரையையும் பார்க்கவில்லை, உத்தமனையும் பார்க்கவில்லை.

காத்திருப்புக் கூடத்தின் எஃகு இருக்கைகள் மார்கழிக் குளிரை இரவெல்லாம் குடித்து வைத்திருந்தன. காப்பிப் பொறி மூச்சிரைத்து ஆவி கக்கியது. தரை கழுவிய எலுமிச்சை மருந்தின் நெடியும், யாரோ பிரித்த இட்லிப் பொட்டலத்தின் வாழையிலை மணமும், கூரைக் கம்பிகளில் அடைந்த புறாக்களின் ஈரச் சிறகு வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து நிற்க, கண்ணாடிக்கு அப்பால் பனி, அவசரமே இல்லாமல், முதலில் ஓடுபாதை விளக்குகளையும், பிறகு காற்றுத் திசை காட்டும் துணிக்குழலையும், பிறகு நின்றிருந்த விமானத்தின் மூக்கையும் அழித்துக்கொண்டு வந்தது. பொழுது விடிந்திருந்தது; ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத விடியல்.

இத்தகைய விடியல்களில்தான் தந்தை பாடுவார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு செருமல். தெருவே அறிந்த செருமல். பிறகு மூன்று விரல் முழங்காலில் தாளமிட, குரல் எழும்பும். பாடியவர் தம் பெயரைச் சொல்லி முடிக்கும் கடைக்காப்புப் பாட்டைப் பாடாமல் பதிகத்தை நிறுத்தியதே இல்லை அவர். இந்த மார்கழியில் நிறுத்தினார். கடைக்காப்புக்கு முன்னால் செருமியவர், அந்தச் செருமலோடு விளக்கின்முன் சாய்ந்தார்.

“இது அஸ்திங்களாண்ணே?” பக்கத்து இருக்கையில் வந்தமர்ந்த இளைஞன் கேட்டான். தன் பெயர் ஹரிஷ்குமார் என்றும், விருதுநகர்க்காரன், ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை என்றும், பொங்கலுக்கு விடுப்பு கிடைக்காததால் இப்போதே ஊருக்குப் போவதாகவும் கேளாமலே சொன்னான். “அண்ணன் பேரு?”

உத்தமன் வாயைத் திறந்தான். ஒலிபெருக்கி முந்திக்கொண்டது.

பயணி ராஜமாணிக்கம் வாயிலுக்கு வரவேண்டும் என்றது ஆங்கிலத்தில். கன்னடத்தில். இந்தியில். மொழிகள் மாறின, பெயர் மாறவில்லை. தகரக் கூரையில் பட்டு, கண்ணாடியில் பட்டு, ஆளில்லாத இருக்கைகளின்மேல் நடந்து, அது கூடம் முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்தது.

கலயத்துக்குள் ஏதோ நகர்ந்தது. ஓட்டின்மேல் ஓடு உராயும் சிற்றொலி. தூங்குகிறவர் புரண்டு படுப்பது போல.

“ஓ, ராஜமாணிக்கம் சாரா? அப்பா பேராத்தான் இருக்கும்,” என்று ஹரிஷ்குமார் சிரித்தான். “நமக்கெல்லாம் ஏர்போர்ட்ல அப்பா பேருதானே சார். எங்கப்பா பேரு பெருமாளு. மிஸ்டர் பெருமாள்னு மைக்ல கூப்பிடுறப்பல்லாம், படுத்திருக்க சாமி எந்திரிச்சு வந்துருமோன்னு பயமா இருக்கும்.”

உத்தமன் எழுந்து வாயிலுக்கு நடந்தான். மைக்கின் அருகே நின்றது குளோரியாதான். சிறிய நிலையத்தில் எல்லா இடத்திலும் அவளே.

“சார், முன்வரிசையில ஜன்னல் சீட் போட்டிருக்கேன். அப்பாவை வெச்சுக்க வசதியா இருக்கும்.”

“தேங்க்ஸ் மேடம். ஒரே ஒரு ஹெல்ப். என்னை உத்தமன்னு கூப்பிடுங்க.”

“சர்நேம் ராஜமாணிக்கம்தானே சார்? ஸ்க்ரீன்ல அதான் வருது.”

“அது எங்கப்பா பேரு.”

“எனக்கும் பின்னாடி இருக்கறது எங்கப்பா பேருதான் சார்.” அவள் குரலில் கனிவு இருந்தது. “முதல் பேரை மைக்ல கூப்பிட்டா மரியாதையா இருக்காதுன்னு ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. பேஜார் ஆகாதீங்க சார். உக்காருங்க.”

இறந்தவர் காதில் விழுகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உள்ளே அவர் புரண்டார் என்று எந்த மொழியில் சொல்வது? உத்தமன் இருக்கைக்குத் திரும்பினான். ஹரிஷ்குமார் காப்பி வாங்கப் போயிருந்தான்.

பனி இப்போது கண்ணாடியைத் தொட்டு நின்றது. கலயம் சுட்டது. வெதுவெதுப்பு அல்ல, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூடு. மடியிலிருந்து அதைப் பக்கத்து இருக்கையில் வைக்கலாமா என்று வலக்கையைப் பார்த்தான். மூன்று விரல் முழங்காலில் தாளமிட்டுக்கொண்டிருந்தது.

அவன் தாளமிடத் தெரியாதவன்.

நிறுத்த எண்ணினான். விரல்கள் அந்தச் சுற்றை முடித்துவிட்டு, தாமாக நின்றன.

போனை எடுத்தான். பிரபா அவனைப் பெயர் சொல்லி அழைப்பாள். இந்த உலகில் அவனை நாள்தோறும் பெயர் சொல்லி அழைப்பவள் அவள் ஒருத்திதான். ஒருமுறை அழைத்தால் போதும். காதில் மணி ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. சமையலறையில் குக்கர் சத்தத்தில் இருப்பாள். அல்லது அவன் தாய்க்குக் குளிக்க வெந்நீர் விளாவிக்கொண்டிருப்பாள். மணி அறுந்தது.

“உத்தமன்,” என்று தானே சொல்லிப் பார்த்தான். சொல்லுக்கு முன்னால் ஒரு செருமல் வந்தது.

பனி விலகியதாக அறிவித்தார்கள். வரிசை எழுந்தது, பைகளின் சக்கரங்கள் தரையில் உருண்டன, கண்ணாடிக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் குளிரும் எரிபொருள் வாடையும் உள்ளே புகுந்தன. வரிசை குறைந்தது. உத்தமன் எழவில்லை. அழைப்பார்கள். அழைத்தால் பதில் சொல்லக் கூடாது. பதில் சொல்லாவிட்டால் விமானம் போய்விடும். போய்விட்டால் கலயத்தை எங்கே கொண்டுபோவது? அந்த வாசல் அதை ஏற்காது. அழைக்கும் முன்பே ஓடிப்போய் நின்றுவிடலாம் என்று எழ முயன்றான். கால்கள் வேறொருவருடையவை போல, முழங்கால் வலியுள்ள முதியவருடையவை போல, மறுத்தன.

பயணி ராஜமாணிக்கம்.

கலயம் ஒருமுறை துடித்தது.

பயணி ராஜமாணிக்கம். இறுதி அழைப்பு.

வாயிலில் நின்ற ஹரிஷ்குமார் திரும்பிக் கைகாட்டினான். “அந்தா இருக்காருங்க. ராஜமாணிக்கம் சார். சார், வாங்க.”

குளோரியா ஓடிவந்தாள். குனிந்தாள். அவன் தோளை அவள் தொட்ட தொடுகையில் பரிவு இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“நீங்கதானே சார் ராஜமாணிக்கம்? கதவை மூடணும். வரீங்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லலேன்னா லிஸ்ட்லேருந்து பேரை இறக்கிடுவாங்க.”

“உத்த...” என்றான்.

“சார், டைம் இல்ல. ராஜமாணிக்கம் நீங்கதானே?”

கடல். மாலைக்குள் கடல். அதற்குத்தானே வந்தது. ஒரு வார்த்தைதானே.

“ஆமா,” என்றான் உத்தமன். “நான்தான்.”

ஒரு செருமல் எழுந்தது.

அவன் தொண்டையிலிருந்து. அவனுடையது அல்ல.

பிறகு சிவப்பு.

சிவப்பு மட்டும். நெருங்கிய இழைகள். இழைகளுக்கிடையே ஊசிமுனை வெளிச்சங்கள். திரிந்த பாலின் வாடை. நனைந்த நீற்றின் வாடை. கையை அசைக்க எண்ணினான். எங்கோ ஓர் ஓடு இன்னோர் ஓட்டின்மேல் உராய்ந்தது. வாயைத் திறக்க எண்ணினான். வாய் இல்லை. மூச்சுவிட எண்ணினான். தேவைப்படவில்லை.

மேலே, வெகு மேலே, அவன் குரல் பேசியது.

“மன்னிச்சுக்கம்மா. கண்ணு அசந்துட்டேன்.”

“பரவால்ல சார். மெதுவா வாங்க.”

உலகம் சாய்ந்து எழுந்தது. தூக்குகிறார்கள். அணைக்கிறார்கள். துணிக்கு வெளியே ஒரு நெஞ்சு அடித்துக்கொண்டது, முப்பத்தேழு வயது நெஞ்சு, அவன் நெஞ்சு. ஒவ்வொரு துடிப்பும் கலயத்தின் சுவரில் மோதி அவனைச் சுற்றி வந்தது. பிறகு குளிர். பனியின் ஈரம் துணியில் இறங்கியது. தாரின் மேல் காலடிகள், நிதானமாக, ஒரு காலைச் சற்றே இழுத்து.

துணிக்கு மிக அருகே ஒரு வாய் குனிந்தது.

“தம்பி, வாசல் தாண்டறோம். வா.”

தம்பி. அவர் அவனை எப்போதும் அப்படித்தான் அழைத்தார். நாணமில்லாமல், உரக்க, ஆட்கள் கேட்கச் சொன்னார். முறை தெரிந்தவர்.

உத்தமன் வந்தான். வராமலிருக்க அவனிடம் எதுவும் இல்லை.

“தம்பி, படி ஏறறோம். வா.”

படி ஏறினான்.

பெயர். யாராவது. ஒருமுறை. பேரு காதுல விழுந்தா அது ஒடம்பைத் தேடும். யாராவது சொன்னால் போதும். விசிறிகள் முனகத் தொடங்கின. இருக்கை வார் சொடுக்கியது. பக்கத்தில் ஹரிஷ்குமாரின் குரல், கனத்த போர்வைக்கு வெளியே கேட்பது போல.

“குரலே கட்டிருச்சே சார். பனிதான். மெட்ராஸ்காரங்களே தேவல, பெங்களூர்க்காரங்க நீங்க இப்பிடி நடுங்குறீங்க.”

“வயசாச்சுல்ல,” என்றது உத்தமனின் குரல்.

ஹரிஷ்குமார் சிரித்தான்.

அப்போது மணி அடித்தது. போன். சட்டைப் பையில், கலயத்துக்கு ஒரு சாண் மேலே. அந்த இசை பிரபாவுக்கென்று அவன் வைத்தது. உத்தமனிடம் எஞ்சியிருந்த எல்லாமும் அந்த ஒலியை நோக்கி எழுந்து, துணியில் முட்டி நின்றது.

கை போனை எடுத்தது. கண்ணாடித் திரையை ஒரு கட்டை விரல் அழுத்துவதை, அழைப்புமணிப் பொத்தானை அழுத்துவது போல ஊன்றி ஊன்றி அழுத்துவதை அவன் உணர்ந்தான். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தான். அழுத்தக் கூடாது அப்பா, தள்ளணும். கற்றுக்கொள்ளவேயில்லை. மணி நின்றது.

மீண்டும் அடித்தது.

“பச்சையைத் தள்ளுங்க சார். குடுங்க.” ஹரிஷ்குமார் தள்ளினான். ஸ்பீக்கரையும் போட்டுக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

“ஹலோ,” என்றாள் பிரபா. மூச்சு வாங்கியது. குக்கர் சீறியது. ஸ்ரீராம்புரத்து வீடு முழுவதும் அந்தச் சிறிய துளை வழியே உள்ளே வந்தது. “ஹலோ, மிஸ்டு கால் பார்த்தேன். ஏறிட்டியா?”

சொல், என்று வேண்டினான். எப்போதும் சொல்வாயே. சார்ஜர் எடுத்தாயா என்று கேட்கக்கூடச் சொல்வாயே. சொல்.

கலயத்தைப் பிடித்திருந்தவர் செருமினார்.

மறுமுனையில் குக்கர் மட்டும் சீறியது. பிறகு பிரபா, எதிரே யாரோ வந்து நிற்கக் கண்டவள் போல, முந்தானையை இழுத்துக்கொள்ளும் குரலில் கேட்டாள்.

“...மாமா?”

போனை அணைக்கும்படி பணிப்பெண் சொன்னாள். ஹரிஷ்குமார் அணைத்துக் கொடுத்தான்.

விசிறிகளின் ஓசை உயர்ந்தது. எல்லாம் அதிர்ந்தன, எலும்புத் துண்டுகள் ஒன்றையொன்று தேடி நெருங்கின. விரல்கள் துணியின் விளிம்பைத் தடவின. வாடிய வில்வத்தை எடுத்துவிட்டன. முடிச்சைத் தொட்டுப் பார்த்தன. தளர்ந்திருந்தது. இழுத்தன. ஊசிமுனை வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன.

“தம்பி, தரையைத் தாண்டறோம். வா.”

தரை விட்டுப்போயிற்று.

மேலே, அவனுடைய தொண்டையில், அவனுடைய மூச்சில், அவர் நிறுத்திவைத்த இடத்திலிருந்து பதிகத்தைத் தொடங்கினார். கடைக்காப்பு. மிகத் தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவர் கண்ணயரும்படி. பாடியவர் பெயர் வந்தது. பாட்டு முடிந்தது. மூன்று விரல், துணியின்மேல், அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில், தாளத்தின் கடைசிச் சுற்றைப் போட்டுக்கொண்டிருந்தது.

“தூங்கு, தம்பி,” என்றார். “கடல் வந்ததும் சொல்றேன்.”